நிறுத்தினால் சரியாகிவிடுமா? உடற்கட்டு ஸ்டீராய்டும் இதயமும்

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆவடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் போட்டிக்கு உடம்பை ஏற்ற ஸ்டீராய்டு எடுத்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனதாகச் சென்னை நாளிதழ்கள் எழுதின. சில நாள் ஜிம்களில் அதே பேச்சு. பிறகு அடங்கிவிட்டது. சிறுநீரகமும் ஈரலும் கெடுவது சில வாரங்களிலோ மாதங்களிலோ வெளியே தெரிந்துவிடும். ஊசி போட்டதும் உயிர் போனதும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதால் அது செய்தியாகிறது.

இதயத்தின் கணக்கு அப்படியல்ல. 22 வயதில் போட்ட ஊசிக்கு 42 வயதில் நெஞ்சு வலிக்கிறது. நடுவில் கல்யாணம், பிள்ளைகள், பீடி, சர்க்கரை என்று எத்தனையோ வந்துபோயிருக்கும். இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதுவார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஜிம் மாஸ்டர் கொடுத்த குப்பியை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. உடற்கட்டு மருந்துகளால் வரும் கேடுகளில் மிகப் பெரியது இதயக் கேடு. அது தாமதமாக வருவதால்தான் அதைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம்.

ஆவடி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி கிடக்கிறது. ஏரிக்குள் தீவுபோல இருக்கும் மீனவ ஊர்களில் ஒன்று பசியாவரம். சாட்டன்குப்பம், இடமணி, ரஹ்மத் நகர் எல்லாம் அக்கம்பக்கம். வலை இழுத்தும் கோல் ஊன்றியும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றும் உரமேறிய உடம்பு அங்கே ஒரு தலைமுறைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் இருந்தது. அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. இன்று முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து அடைகிறது, பாடு குறைகிறது. பிள்ளைகள் காட்டுப்பள்ளி, எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்த வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள். வடசென்னையில் பவுன்சர் வேலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆளின் அகலம்தான் தகுதி. பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் ஜிம்கள் இருக்கின்றன, கைபேசியில் உலகத்தின் எல்லா ஆணழகர்களும் இருக்கிறார்கள். இதைப் பெருநகரத்துப் பணக்காரப் பிள்ளைகளின் வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது. நெஞ்சுவலி வந்தவர் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று பார்த்தால், நகரத்துப் பையனைவிட ஏரிக்கரைப் பையனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

“ஒரு சைக்கிள் மட்டும் போடு தம்பி. மூணு மாசம். அப்புறம் விட்டுட்டா உடம்பு தானா பழைய நிலைக்கு வந்துடும்.” ஸ்டீராய்டு பேச்சு தொடங்கும் எந்த ஜிம்மிலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். மருந்தை விடாமல் எடுக்கும் ஒரு சுற்றுக்குத்தான் அங்கே சைக்கிள் என்று பெயர். இது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆராய்ச்சிகளை வைத்து, எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி ஆளைக் கொல்வது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த மருந்தைப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருத்துவர் தரும் பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்றவையும் ஸ்டீராய்டுகளே. ஆனால் அவை வேறு குடும்பம். தசையை வளர்க்க எடுப்பது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் அதைத் திருத்திச் செய்த மருந்துகளும். 1935-இல் ஆய்வகத்தில் டெஸ்டோஸ்டிரோனை உருவாக்கினார்கள். அந்தத் துறையில் உழைத்த புட்டனான்ட்டுக்கும் ருசிக்காவுக்கும் 1939-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1958-இல் சீபா நிறுவனம் டயனபால் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோயால் மெலிந்தவர்களுக்காக வந்த அந்த மாத்திரை சீக்கிரமே அமெரிக்க எடைதூக்கும் கூடங்களுக்குள் போய்விட்டது. பிறகு டெக்கா என்று ஜிம்மில் சொல்லும் நான்ட்ரோலோன், வின்ஸ்ட்ரால் என்ற ஸ்டானசோலால், கால்நடைகளுக்காகச் செய்த டிரென்போலோன் என்று வரிசை நீண்டது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் தங்கத்தைப் பறித்தது ஸ்டானசோலால்தான்.

குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தால் பயப்பட எதுவுமில்லை. 10 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே நல்லெண்ணெய் நிறத்தில் எண்ணெய், மேலே ரப்பர் மூடி. லேபிளில் மில்லிக்கு 250 மி.கி. என்று போட்டிருக்கும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தடித்த ஊசியால் உறிஞ்சி, மெல்லிய ஊசிக்கு மாற்றி, இடுப்புத் தசையில் ஆழமாக இறக்குவார்கள். வாரத்துக்கு இரண்டு மில்லி என்றால் 500 மி.கி. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஆணின் உடம்பு ஒரு வாரம் முழுக்கத் தானாகச் சுரப்பது ஏறக்குறைய 35 முதல் 50 மி.கி. டெஸ்டோஸ்டிரோன்தான். ஆக, ‘சின்ன டோஸ்’ என்று ஆரம்பிக்கும் இடமே இயற்கையைப்போலப் பத்து மடங்கு. அதோடு மாத்திரையும் இரண்டாவது ஊசியும் சேர்ந்தால் எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம். லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கள்ளச் சரக்கில் வேறு மருந்தோ வேறு அளவோ இருப்பது உலகம் முழுக்கக் கண்ட விஷயம்.

இவ்வளவு ஹார்மோன் ரத்தத்தில் ஓடும்போது இதயத்துக்கு என்ன ஆகிறது? நாலைந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

ரத்தக் கொழுப்பில் நல்லது என்று சொல்லும் எச்.டி.எல். சரிகிறது, கெட்டதான எல்.டி.எல். ஏறுகிறது. இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் திருத்த வேண்டும். ஊசிக்குப் பயப்படும் பையன்கள் மாத்திரையை மென்மையானது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 1989-இல் எடைதூக்கும் ஆண்களை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு வெறும் 6 மி.கி. ஸ்டானசோலால் மாத்திரை ஆறு வாரத்தில் எச்.டி.எல்.லை 33 விழுக்காடு குறைத்தது. வாரத்துக்கு 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி 9 விழுக்காடுதான் குறைத்தது. ஈரல் உடைத்துவிடாமல் இருக்க மாத்திரையின் வேதியமைப்பைத் திருத்தியிருப்பதால், அது ஈரலிலேயே தங்கி எச்.டி.எல்.லைக் கரைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது.

அடுத்தது ரத்தத்தின் கெட்டித்தன்மை. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். சி.பி.சி. சோதனைச் சீட்டில் பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். மருத்துவர் முறையாகக் கொடுக்கும் சிகிச்சையிலேயே அந்த எண் 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். ரத்தம் கெட்டியானால் உறைகட்டி உருவாவது எளிது. உப்பும் நீரும் உடம்பில் தங்குவதால் ரத்த அழுத்தமும் ஏறுகிறது. ‘பம்ப்’ என்று கண்ணாடியில் பார்த்து மகிழும் வீக்கத்தில் ஒரு பங்கு இந்த நீர்தான்.

இதயச் சுவருக்கு நடப்பதுதான் கவலையில் பெரியது. இதயமும் தசைதான், அதிலும் ஆண் ஹார்மோனை ஏற்கும் இடங்கள் உண்டு. கை பருக்கும்போது இதயமும் பருக்கிறது. நீச்சல்காரருக்கும் ஓட்டக்காரருக்கும் இதயம் விரிவது வேறு வகை. அது நன்றாக நிரம்பும், நன்றாகத் தளரும். ஸ்டீராய்டு இதயத்தின் சுவர் தடித்து விறைக்கிறது, தசை இழைகளுக்கு நடுவே தழும்புத் திசு ஓடுகிறது. தழும்பு ஓடிய இடத்தில் மின்சாரம் சீராகப் பாயாது. தூக்கத்தில் போய்விட்டார், குளிக்கப் போனவர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்படும் திடீர்ச் சாவுகளில் பல இதயத் துடிப்பு தாறுமாறாவதால் வருபவை. 2017-இல் தம் 26-ஆவது வயதில் இறந்த அமெரிக்க உடற்கட்டு வீரர் டல்லஸ் மெக்கார்வரின் இதயம் பிணக்கூறாய்வில் 833 கிராம் இருந்தது. சராசரி ஆணின் இதயம் 300 முதல் 350 கிராம். உடம்பு பெரிதானால் இதயமும் கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்ற சமாதானம் அந்த எடைக்குப் பொருந்தாது.

இனி ஆய்வுகளுக்கு வரலாம். தொடக்க காலத்தில் இருந்தவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் கதைகள்தான். அவற்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று மருந்து எடுப்பவர்கள் வாதாடியதில் நியாயம் இருந்தது. 2000-இல் வந்த பின்லாந்து ஆய்வு அதைக் கொஞ்சம் மாற்றியது. 1977 முதல் 1982 வரை தேசிய பவர்லிஃப்டிங் போட்டிகளில் முதல் ஐந்து இடங்களில் வந்த 62 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள், 12.9 விழுக்காடு. அதே வயதுப் பொதுமக்களில் இறந்தவர்கள் 3.1 விழுக்காடு. எட்டில் மூன்று மாரடைப்பு, மூன்று தற்கொலை. 62 பேர் என்பது சின்னக் கூட்டம், அவர்கள் எல்லாரும் மருந்து எடுத்தார்கள் என்பதும் ஊகமே. ஆனாலும் அந்த இரண்டு மூன்றுகளையும் நாம் மறக்கக் கூடாது.

மிக முக்கியமானது என்று நான் நினைப்பது 2017-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் பாஸ்டன் மருத்துவர் பேகிஷும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. 34 முதல் 54 வயது வரையுள்ள, நீண்ட காலம் எடை தூக்கிய 140 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். 86 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். இரு பக்கமும் எடை தூக்குபவர்களே என்பதால், பயிற்சியால் வந்ததா மருந்தால் வந்ததா என்ற குழப்பம் குறைகிறது. எக்கோ சோதனையில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்று ஓர் அளவு எடுப்பார்கள். இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கை ஒரு துடிப்பு வெளியே தள்ளுகிறது என்பதே அது. மருந்து எடுக்காதவர்களின் சராசரி 63 விழுக்காடு. சோதனையின்போது மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 49. முன்பு எடுத்து அப்போது நிறுத்தியிருந்தவர்களுக்கு 58.

இந்த மூன்று எண்களில்தான் ஜிம் மாஸ்டர் சொல்லும் பாதி உண்மை இருக்கிறது. நிறுத்தியவர்களின் இதயம் நன்றாகவே இருந்தது, ஆனால் தொடாதவர்களின் அளவுக்கு இல்லை. அதே ஆய்வில் சி.டி. ஸ்கேன் மூலம் இதயத் தமனிகளையும் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களின் குழாய்ச் சுவரில் படிவு கூடுதலாக இருந்தது, வாழ்நாளில் மொத்தம் எத்தனை ஆண்டு எடுத்தார்களோ அதற்கேற்பக் கூடியது. 86 பேரில் மூன்று பேருக்கு 45 வயதுக்குள்ளேயே மாரடைப்பு வந்திருந்தது.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். மருந்து தொடங்கப்போகிற ஆண்களைத் தேடி, தொடங்கும் முன், எடுக்கும்போது, நிறுத்திய பின் என்று மூன்று கட்டத்திலும் சோதித்தார்கள். எக்கோ எடுத்த 31 பேரின் முடிவு 2021-இல் வந்தது. ஒரே ஒரு சைக்கிளில் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்ற அந்தத் தள்ளுதிறன் 61-லிருந்து 56 ஆனது, இடது கீழறையின் எடை சராசரி 28 கிராம் கூடியது. நிறுத்திச் சுமார் எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டும் பழைய நிலையை ஒட்டி வந்திருந்தன.

எட்டு மாதம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, கடலுக்கு ஓய்வு கொடுத்தால் மீன் பெருகும் என்று. ஆஃப் சைக்கிள் என்பதையும் பையன்கள் அப்படியே நினைக்கிறார்கள்: மூன்று மாதம் போடு, மூன்று மாதம் விடு, உடம்பு பெருக்கிக்கொள்ளும். இதயச் சுவர் தேறுவதற்கு எட்டு மாதம் ஆகும்போது மூன்று மாத இடைவெளி எப்படிப் போதும்? பாதியில் அடுத்த சைக்கிள் வந்து விழுகிறது. குழாயில் ஒட்டிய படிவுக்கோ ஓய்வு என்பதே பொருட்டில்லை. ஊசியை நிறுத்தினால் படிவு வளரும் வேகம் குறையலாம். சேர்ந்தது சேர்ந்ததுதான்.

ஐந்தாறு பேரை வைத்துப் பேசாதே என்று இன்னும் சொல்பவர்களுக்கு டென்மார்க் பதில் சொல்கிறது. அந்த நாட்டில் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு ஜிம்களுக்குள்ளேயே போய்ச் சிறுநீர்ச் சோதனை செய்கிறது. அப்படிப் பிடிபட்ட 1,189 ஆண்களை, ஆளுக்கு ஐம்பது பேர் வீதம் அதே வயதுடைய 59,450 ஆண்களோடு ஒப்பிட்டுச் சராசரி பதினோரு ஆண்டு தொடர்ந்தார்கள். பிடிபட்டபோது அவர்களின் சராசரி வயது 27. 2024-இல் வந்த முதல் கட்டுரை சாவு விகிதம் 2.8 மடங்கு என்றது. 2025-இல் வந்த அடுத்தது இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டது: மாரடைப்பு மூன்று மடங்கு, இதயச் செயலிழப்பு மூன்றரை மடங்குக்கு மேல், இதயத் தசை நோய் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நாற்பது வயதைத் தொடாத பெருங்கூட்டத்தில் இந்த எண்கள்.

இத்தாலியின் படோவா பல்கலைக்கழகக் குழு அதே 2025-இல், 2005 முதல் 2020 வரை சர்வதேசப் போட்டி மேடை ஏறிய 20,286 ஆண் உடற்கட்டு வீரர்களைத் தேடிப்பார்த்தது. 121 பேர் இறந்திருந்தார்கள், சராசரி வயது 45. அவற்றில் 46 சாவு திடீர் இதயச் சாவு. அமெச்சூர்களைவிடத் தொழில்முறை வீரர்களுக்கு அந்த ஆபத்து ஐந்து மடங்கு. இங்கே பழி முழுவதையும் ஸ்டீராய்டு மேல் போடுவது நேர்மையல்ல. போட்டிக்கு முந்திய நாள்களில் நீரை வற்றவைக்க டையூரெடிக் மாத்திரை, கடும் பட்டினி, கிளென்பூட்ரால், இன்சுலின், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் சேர்கின்றன. தோலுக்கடியில் நரம்பு தெரிய வேண்டும் என்று தண்ணீரையும் பொட்டாசியத்தையும் உடம்பிலிருந்து வெளியேற்றினால், ஏற்கெனவே தழும்பு ஓடிய இதயம் எப்படித் தாங்கும்?

டென்மார்க் ஆய்வுக்கும் மறுப்பு உண்டு. சட்டத்தை மீறி ஊசி போடுபவர் குடியிலும் கொக்கைனிலும் துணிச்சல்காரராக இருப்பார், சாவு அதனால் வந்திருக்கலாம் என்பது அது. நியாயமான மறுப்பு. சாவு எண்ணிக்கையில் ஒரு பகுதியை அது விளக்கும். ஆனால் எக்கோவில் கண்ட சுவர் தடிப்பும், நிறுத்தியதும் அது இறங்குவதும், ஆண்டுக் கணக்கோடு சேர்ந்தே ஏறும் படிவும் துணிச்சலால் வருபவை அல்ல. இன்னொரு மறுப்பு, மருத்துவர்களே டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கிறார்களே என்பது. 2023-இல் வெளியான டிராவெர்ஸ் ஆய்வில், ஹார்மோன் உண்மையாகவே குறைந்த, 45 வயதைக் கடந்த 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது குறையை நிரப்பும் அளவு, அவ்வப்போது ரத்தம் பார்த்துத் திருத்திய அளவு. அதிலும்கூட இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் உறைகட்டியும் சற்றுக் கூடின. பத்து மடங்கு போடுபவர் அந்த ஆய்வைத் தமக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்ததும், ஜிம்முக்குப் போனாலே சாவு என்ற பயம் பரவி, பெங்களூர் ஜெயதேவா மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. எடை தூக்குவது இதயத்தைக் கெடுக்காது. பாஸ்டன் ஆய்வில் மருந்து தொடாமல் எடை தூக்கிய 54 பேரின் இதயம் நன்றாக இருந்ததே அதற்குச் சான்று. புரோட்டீன் பவுடரும் ஸ்டீராய்டு அல்ல. பிள்ளை ஜிம்முக்குப் போவதைத் தடுக்கும் பெற்றோர் தப்பான இடத்தில் அணை கட்டுகிறார்கள். வங்காளத்துக் கொமில்லாவில் பிறந்த இந்திய உடற்கட்டு வீரர் மனோகர் ஐச் 1952-இல், டயனபால் சந்தைக்கு வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வென்றார். 2016-இல் இறக்கும்போது அவருக்கு வயது 104. ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் இந்த மண்ணின் உணவையும் உழைப்பையும் வைத்து உலக மேடை ஏறலாம் என்பதற்கு அவர் போதும்.

மேல்நாட்டு எண்களை நமக்கு அப்படியே பொருத்துவது சரியா என்று கேட்டால், நம் நிலைமை இன்னும் மோசம் என்றே எனக்குப் படுகிறது. 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. தமிழகத்தையும் சேர்த்துச் செய்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு எச்.டி.எல். குறைவு. ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் எச்.டி.எல்.லை ஸ்டானசோலால் மாத்திரை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் மிச்சம் என்ன? டென்மார்க்காரர் தொடங்கும் இடமும் நம்மவர் தொடங்கும் இடமும் ஒன்றல்ல.

இதோடு நம் நாட்டு ஜிம்களில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது: மெஃபென்டெர்மின் ஊசி. அறுவை அரங்கில் முதுகில் மயக்க ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்கி நிறுத்த வைத்திருக்கும் மருந்து அது. அதைப் பயிற்சிக்கு முன் ‘எனர்ஜி’க்காக நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு ஆண்டுக்கணக்கில் செய்வதை இது நிமிஷங்களில் செய்யும். இதயம் ஓடும் வேகத்தையும் அழுத்தத்தையும் ஒரே எட்டில் ஏற்றும். பழகிப்போனால் விட முடியாது. இதனால் இதயத் தசை தளர்ந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பவரை நினைத்தால் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது.

பசியாவரத்தில் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவரை முதலில் பழவேற்காட்டுக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம். பிறகு 108 வண்டியில் பொன்னேரி, அதன்பின் அடைப்பை நீக்கும் வசதிக்கு ராயபுரம் ஸ்டான்லி. நல்ல வேளையாக 2023 ஜூனில் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஏரிக்கரை ஊர்களுக்கு இதைவிட உபயோகமான திட்டம் அண்மையில் வந்ததில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மார்பும் தோளும் திரண்ட 30 வயதுக்காரர் நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால், ‘தசைப் பிடிப்பு’, ‘வாயு’ என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடத் தோன்றும். அவருக்கே அப்படித்தான் தோன்றும். உடம்பைப் பார்த்து இதயத்தை எடை போடும் இந்தத் தவறு வீட்டிலும் நடக்கிறது, மருத்துவமனையிலும் நடக்கிறது. ஜிம் உடம்பு உள்ள இளைஞருக்கும் இ.சி.ஜி. எடுத்தே தீர வேண்டும், ஊசி ஏதாவது போட்டாயா தம்பி என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டே தீர வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில்கூட ஒரு நுணுக்கம் இருக்கிறது. பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ‘கை பெருசு, அதான்’ என்று அதையே சாக்காக வைத்து உண்மையான அழுத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். பெரிய பட்டை ஒன்றை வாங்கி வைத்தால் தீரும் குறை இது.

சட்டம் என்ன செய்கிறது என்றால், தசை வளர்க்கும் இந்த அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருந்துச் சட்டத்தின் எச் அட்டவணையில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவும் 2022-இல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் போட்டியாளர்களுக்கானவை. 2023-இல் இந்தியா சோதித்த 5,606 மாதிரிகளில் 213 தப்பாக வந்தன, பெரிய நாடுகளில் அதுவே உச்சம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்ததும் வீரர்கள் கலைந்து ஓடி, ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் தனியாக ஓடி முடித்தார். கழிவறையில் ஊசிகள் கிடந்தன. போட்டிக்கே போகாத, கல்யாணத்துக்குள் உடம்பு ஏற வேண்டும் என்று போடுகிற பையனை இந்தச் சட்டங்கள் எட்டுவதே இல்லை. டென்மார்க்கைப்போல ஜிம்முக்குள் போய்ச் சிறுநீர் கேட்பது நம் ஊரில் நடக்கும் காரியமாகத் தெரியவில்லை, நடந்தாலும் அது லஞ்சத்துக்கு இன்னொரு வாசலாகத்தான் ஆகும். மருந்துக் கடைகளையும் இணைய விற்பனையையும் இறுக்குவதும், கேட்பவரைக் குற்றவாளியாக நடத்தாத மருத்துவ வாசல் ஒன்றைத் திறப்பதும் உருப்படியானவை.

அந்த வாசல் ஏன் வேண்டும் என்றால், நிறுத்துவது நினைப்பதைவிடக் கடினம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் விரை தன் வேலையை நிறுத்திவிடுகிறது. ஊசியை விட்ட முதல் மாதங்களில் உடம்பில் வெளி ஹார்மோனும் இல்லை, சொந்த ஹார்மோனும் இல்லை. சேர்ந்த தசை வடிகிறது, சோர்வு கவிகிறது, ஆண்மை குன்றுகிறது, மனசு இருண்டுபோகிறது. பின்லாந்தின் அந்த மூன்று தற்கொலைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது. இதைத் தாங்க முடியாமல் அடுத்த குப்பியை உடைப்பவர்கள் ஏராளம். எடுப்பவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் விட முடியாத நிலைக்குப் போகிறார்கள் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. ஜிம்மில் இதற்கும் ‘பி.சி.டி.’, அதாவது சைக்கிளுக்குப் பிந்தைய சிகிச்சை, என்று ஒரு மாத்திரைப் பட்டியல் வைத்திருப்பார்கள். அதையும் மாஸ்டரே எழுதிக் கொடுப்பார். மார்பகப் புற்றுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கொடுக்கும் மருந்துகளை ரத்தச் சோதனை எதுவும் இல்லாமல் விழுங்குவதுதான் அது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சொந்தச் சுரப்பு திரும்புகிறது. அந்தச் சில மாதங்களை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் மனநல மருத்துவரும் பக்கத்தில் இருந்து கடக்கவைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் ‘உடம்பு எளச்சிட்டியே’ என்று சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

இதைப் படிப்பவரில் எடுத்துக்கொண்டிருப்பவர் இருந்தால், இன்று நிறுத்துவதற்கும் ஐந்து ஆண்டு கழித்து நிறுத்துவதற்கும் இதயத் தமனியில் அளவிட்டுச் சொல்லும்படியான வித்தியாசம் இருக்கிறது. முன்பு எடுத்து விட்டுவிட்டவர் என்றால், வயது முப்பத்தைந்தோ நாற்பதோ, இப்போது ஒன்றும் இல்லை என்று இருந்துவிட வேண்டாம். ரத்த அழுத்தம், சி.பி.சி., கொழுப்புச் சோதனை, இ.சி.ஜி. ஆகியவற்றை முதலிலும், ஒருமுறை எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கும் பெரிய செலவு வைப்பவை அல்ல. எக்கோவுக்கு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனை போதும். பீடி சிகரெட்டை விடுவது உங்களுக்கு மற்றவர்களைவிட இரட்டிப்பு அவசியம். மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்த ஊசி, வாரத்துக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எக்கோவில் சுவர் சற்றுத் தடித்துத் தெரிந்தால் அது பிறவிக் கோளாறா, ரத்த அழுத்தமா, மருந்தா என்று மருத்துவர் பிரித்தறிய அந்தத் தகவல் வேண்டும். மருத்துவம் அதைப் பொறுத்து மாறும்.